விளையாடுறதுக்கும் மருந்துத் துண்டு வேணுமா?

"அந்தப் பிள்ளையளுக்கெண்டு இப்ப வெளிநாட்டில கேம் இருக்குதாம். ரீவிக்கு முன்னால நிண்டு கையைக் காலை ஆட்டினால் சரி. உடற்பயிற்சியும் ஆச்சு, பொழுதும் போச்சு. அதில ரெண்டு வாங்கிக் குடுத்தால் என்ன?"

இதைச் சொன்னது ஒரு ஆள் இல்லை. கடந்த ஒன்றிரண்டு வருடங்களில் பலபேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். கனடாவிலிருந்து லீவில் வந்த உறவினர் சொன்னார். ஒரு பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. கம்பஸில் நடந்த ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையிலும் இதே கதைதான். சொன்னவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். அதனால்தான் இதோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் சொல்லியிருந்தால் எதிர்க்க ஆட்கள் தாங்களாகவே வந்திருப்பார்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: நான் கேமுக்கு எதிரி இல்லை. "போனும் கேமும்தான் பிள்ளையளைக் கெடுக்குது" என்று பெரியவர்கள் படிக்கிற பாட்டிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. இரவு 2 மணிவரை கேம் விளையாடிவிட்டு மறுநாள் விரிவுரையில் தூங்கிய ஆள்தான் நானும். என்னுடைய சண்டை அந்த வசனத்தில் இருக்கிற மூன்று துண்டுகளோடு மட்டும். "அந்தப் பிள்ளையள்." "உடற்பயிற்சியும் ஆச்சு." "வாங்கிக் குடுத்தால்."

உடம்பை அசைத்து விளையாடும் வீடியோ கேம்கள் நேற்று வந்தவை இல்லை. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' என்ற கேமைக் கொண்டுவந்தது. தரையில் இருக்கிற அம்புக்குறிகளைப் பாட்டுக்கேற்றபடி காலால் மிதிக்க வேண்டும். 2006 கடைசியில் நின்ரெண்டோவின் 'வீ' வந்தது. கையிலுள்ள ரிமோட்டை வீசினால் திரையில் டெனிஸ் மட்டை வீசும். அடுத்த வருடமே 'வீ ஃபிட்', கூடவே நிறை பார்க்கிற தராசு மாதிரி ஒரு பலகை. ஏறி நின்றால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்குத் தெரியும். 2010இல் மைக்ரோசொப்டின் 'கினெக்ட்'. அதில் கையில் எதுவும் பிடிக்கத் தேவையில்லை, கமராவே உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

பிசியோதெரபிக்காரர்களுக்கு இதில் ஆர்வம் வந்தது இயல்பானது. மூளைவாதம் உள்ள ஒரு பிள்ளை ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் பத்தாவது தடவையில் அலுத்துப்போகும். கேமுக்குள் போனால் அதே அசைவு பந்தை அடிக்கிறதாக, பலூனை உடைக்கிறதாக மாறிவிடுகிறது. 2008இலேயே அமெரிக்கப் பிசியோதெரபி சஞ்சிகை ஒன்றில் ஒரு அறிக்கை வந்தது. மூளைவாதமுள்ள ஒரு பதின்ம வயதினருக்கு வீயைக் கொண்டு பயிற்சி கொடுத்ததாகவும், உடலை நிலையாக வைத்திருப்பதிலும் நடமாட்டத்திலும் முன்னேற்றம் தெரிந்ததாகவும் அதில் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு ஆளைப் பற்றிய அறிக்கைதான் அது. ஆனாலும் பலருக்கு வழி காட்டியது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு பிள்ளையை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

வீயில் பௌலிங் விளையாட்டு இருக்கிறது. உருண்டையை உருட்ட, ரிமோட்டின் அடிப்பக்கப் பொத்தானை அமர்த்திப் பிடித்தபடி கையை வீசி, சரியான கணத்தில் பொத்தானை விட வேண்டும். எங்களுக்கு இது யோசிக்காமல் வரும். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்குப் பிடிப்பது பிரச்சினை இல்லை, விடுவதுதான் பிரச்சினை. கை வீசும்போது விரல்கள் இன்னும் இறுகும். உருண்டை போகாது. வீ ஃபிட் பலகையில் ஏறி நிற்க வேண்டும். நிற்க ஏலாத பிள்ளைக்கு அந்தப் பலகை வெறும் பலகைதான். கினெக்ட் ஆளிடமிருந்து கிட்டத்தட்ட 1.8 மீற்றர் தூரம் கேட்கிறது, முழு உடம்பையும் பார்க்க ஆசைப்படுகிறது. எங்கட வீடுகளின் முன்னறையில் அந்த இடத்தை எடுக்க செற்றியைத் தூக்கி வெளியே வைக்க வேணும், அது வேற கதை. சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளையின் முழங்கால் எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே தொடங்குகிறது என்று கமரா தடுமாறும். அம்மா பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டால் யார் விளையாடுகிறார்கள் என்றே அதற்குக் குழப்பம். இருந்தபடி விளையாடுகிறவர்களின் தலை, தோள், கைகளை மட்டும் கவனிக்கும் வசதியை மைக்ரோசொப்ட் 2012இல்தான், அதுவும் கணினிக்கான கினெக்டில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்தது. 2017இல் கினெக்ட் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

வீ ஃபிட் இன்னொன்றும் செய்தது. ஆளை நிறுத்து, உயரத்தைக் கேட்டு, நீ மெலிவா குண்டா என்று தீர்ப்புச் சொன்னது. 2008இல் பிரித்தானியாவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தியைக் குண்டு என்று அது சொல்லப்போய் நின்ரெண்டோ மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அது இயலாமை இல்லாத பிள்ளை. தசை மெலிந்த, முதுகு வளைந்த ஒரு உடம்புக்கு அந்தக் கணக்கில் எந்த அர்த்தமும் இல்லை.

2018இல் மைக்ரோசொப்ட், இயலாமையுடையவர்களுக்கென்றே ஒரு கொன்ட்ரோலரை விட்டது. விலை 100 டொலர். இரண்டு பெரிய பொத்தான்கள். பின்பக்கத்தில் வரிசையாகத் துளைகள். அந்தத் துளைகளில் காலால் மிதிக்கிற, நாடியால் அமுக்குகிற சுவிட்சுகளைச் செருகலாம். அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உண்மையிலேயே நல்ல வேலை அது. ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள்: முடிந்தவரை குறைந்த அசைவில் விளையாடச் செய்கிறது. உடற்பயிற்சி கேமோ முடிந்தவரை கூடிய அசைவைக் கேட்கிறது. அசைய முடியாதவருக்கு அசையாமல் விளையாட ஒரு வழி, நன்றாக அசையக்கூடியவருக்கு வியர்க்க ஒரு வழி. நடுவில் நிற்கிறது கொஞ்சம் அசையக்கூடிய பிள்ளை, அசைய ஆசையுள்ள பிள்ளை. கடையில் அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

சரி, இயந்திரப் பிரச்சினைகளை ஒருநாள் யாராவது தீர்ப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுவம். அப்பவும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. கேம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கூட அசையுமா? 2012இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு உடம்பை அசைத்து விளையாடும் வீ கேம்களையும் மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருந்து விளையாடுகிற கேம்களையும் கொடுத்து, உடலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, மூன்று மாதமளவு பார்த்தார்கள். இரண்டு பகுதியினரின் அசைவிலும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் இயலாமை உள்ள பிள்ளைகள் இல்லை என்பதால் அதை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் "வாங்கிக் குடுத்தால் சரி" என்று நம்புகிறவர்கள் அதை ஒருக்கா வாசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் எனக்குப் பிடித்த ஒரு வேலை கனடாவில் நடந்தது. கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆட்களும் ரொறன்ரோவின் ஹொலண்ட் புளூவியூ சிறுவர் மருத்துவமனைக்காரர்களும் சேர்ந்து, மூளைவாதமுள்ள பிள்ளைகளுக்கு 'லிபெரி' என்று ஒரு கேம் செய்தார்கள். சாய்ந்திருந்து மிதிக்கும் சைக்கிள். மிதித்தால் திரையில் உங்கள் உருவம் ஓடும். இதில் சைக்கிளை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் கேட்டது என்ன தெரியுமா? வேகமான அடிதடி கேம். "பாவம், இவைக்கு மெதுவான, லேசான விளையாட்டுத்தான் சரிவரும்" என்று பெரியவர்கள் நினைக்கிற இடத்தில், பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது மற்றப் பிள்ளைகள் விளையாடுகிற அதே ரகம். செய்தவர்கள் அதைக் குறைத்துவிடவில்லை. துல்லியமாகக் குறிபார்க்க வேண்டிய தேவையையும் நொடிக்கணக்குப் பார்க்க வேண்டிய தேவையையும் எடுத்துவிட்டு வேகத்தை அப்படியே வைத்தார்கள். கூட மிதிக்கக்கூடிய பிள்ளையும் குறைய மிதிக்கக்கூடிய பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் போட்டி போடும்படி கணக்கைச் சரிக்கட்டினார்கள். தங்கள் தங்கள் வீட்டில் இருந்தபடி காதில் ஹெட்செற் போட்டுக்கொண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைத்து, கத்தி, விளையாடினார்கள்.

அந்தச் சைக்கிளை இங்கே கொண்டுவந்து ஒரு பிள்ளையைத் தனியே அறையில் ஏற்றிவிட்டால் அது லிபெரி ஆகாது. மிதிக்கிற இயந்திரமாகத்தான் இருக்கும்.

இனி எங்கட பக்கம் வருவம்.

என் சித்தியின் மகனுக்கு 11 வயது, மூளைவாதம். வோக்கர் பிடித்துக் கொஞ்சத் தூரம் நடப்பான், மற்ற நேரம் சக்கர நாற்காலி. பின்னேரங்களில் சித்தி இருபது வரை எண்ண அவன் காலை நீட்டி மடக்க வேண்டும். போன வருடம் வெளிநாட்டு மாமா ஒருவர் பாவித்த வீ ஒன்றை அனுப்பினார். கூடவே வந்த கட்டளை: ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், தவறாமல். முதல் கிழமை பெடியன் பறந்தான். இரண்டாம் கிழமை, நாற்காலியில் சாய்ந்திருந்து மணிக்கட்டை மட்டும் சுண்டினாலே டெனிஸில் வெல்லலாம் என்று கண்டுபிடித்தான். வீ விளையாடின எல்லாருமே கண்டுபிடிக்கிற விஷயம்தான் அது, நாங்களும் செற்றியில் படுத்துக்கொண்டு அப்படித்தான் விளையாடுவோம். எங்களை யாரும் ஏசுவதில்லை. அவனை ஏசினார்கள். "நிமிந்து இரு. முழுக் கையையும் வீசு. இல்லாட்டி பிரயோசனம் இல்லை." ஒருநாள் என்னிடம் கேட்டான்: "அக்கா, இது விளையாட்டோ, எக்சசைஸோ? எக்சசைஸ் எண்டால் எண்ணிச் செய்வம், கெதியா முடிஞ்சிடும்."

வீ இப்போது ரீவிக்குக் கீழே துணி மூடிக் கிடக்கிறது.

அவன் இப்போது பின்னேரங்களில் ஒழுங்கைக்குப் போகிறான். அங்கே கிரிக்கெற். நாற்காலியில் இருந்து அடிப்பான், பக்கத்து வீட்டுப் பெடியன் அவனுக்காக ஓடுவான். சர்வதேச ஆட்டங்களில் ஓட்டத்துக்கு மாற்று ஆள் வைப்பதை ஐசிசி 2011இல் நிறுத்திவிட்டது. ஒழுங்கைக்கு அந்தச் சட்டம் செல்லாது. அவனுக்கு நிலத்தோடு உருட்டித்தான் பந்து போட வேண்டும் என்று தொடங்கினார்கள். அவன் சண்டை பிடித்து, இப்போது ஒரு குத்து விழுந்து வரும் பந்து. பந்து எல்லைக்கு வெளியே போனால் வோக்கரோடு எடுக்கப் போகிறான், ஒருவரும் எண்ணுவதில்லை. எவ்வளவு தூரம் நடக்கிறான், எத்தனை தடவை முதுகை நிமிர்த்துகிறான் என்று அளந்தால் மாமாவின் அரை மணித்தியாலத்தை விடக் கூடத்தான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அதை அளக்கப்போனால் அதுவும் எக்சசைஸ் ஆகிவிடும்.

விளையாட்டு என்பது எதற்காகவும் இல்லாமல் செய்கிற காரியம். மற்றப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடினால் "இதயத்துக்கு நல்லதா" என்று யாரும் கேட்பதில்லை. இயலாமையுடைய பிள்ளைக்கு மட்டும் எல்லாமே சிகிச்சை. படம் கீறினால் கீறல் சிகிச்சை. பாட்டுக் கேட்டால் இசைச் சிகிச்சை. குதிரையில் ஏறினால் குதிரைச் சிகிச்சை. இப்போது கேம் விளையாடினால் அதுவும் சிகிச்சை. இந்தப் பிள்ளைகளைக் குறிக்க எங்களிடம் இருக்கிற சொல்லைப் பாருங்கள்: விசேட தேவையுடையோர். விளையாட நினைக்கிறது என்ன விசேட தேவையா?

சட்டத்தில் இதெல்லாம் எப்போதோ எழுதியாயிற்று. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை விளையாட்டை உரிமை என்கிறது. 2016இல் ஏற்றுக்கொண்ட இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை இன்னும் தெளிவு: இயலாமையுடைய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபற்ற வேண்டும், பாடசாலைக்குள் நடப்பதும் அதில் அடங்கும். பொது இடங்களுக்குள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இயலாமையுடைய பிள்ளைகளுக்கும் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடல் இயக்கம் என்று பரிந்துரைத்தது. 60 நிமிடம், சரி. எங்கே? எந்தக் கிரவுண்டில்? வாசலில் மூன்று படி இருக்கிற கிரவுண்டிலா?

பாடசாலையில் உடற்கல்விப் பாடவேளை வந்தால் இந்தப் பிள்ளை வகுப்பிலே இருந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல். கொஞ்சம் அன்பான ஆசிரியர் என்றால் ஸ்கோர் எழுதவிடுவார். இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது ஊரே திரளும். இல்லங்களுக்கு வாழைமரம், தோரணம், பெயின்ற். விடிய விடியச் சோடனை. அந்த இல்லத்துக்குள் ஒரு மூலையில் கதிரை போட்டு இந்தப் பிள்ளையை இருத்தி, கையில் ஒரு கொடியைக் கொடுத்துவிடுவார்கள். படத்தில் நல்லாய்த்தான் இருக்கும். பிறகு டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிந்து தங்கம் எடுத்தால் நாட்டுக்கே பெருமை என்பார்கள். மைதானத்துக்குள்ளேயே விடாத பிள்ளை எங்கே ஈட்டி எறியப் பழகும்?

பெண் பிள்ளை என்றால் நிலைமை இன்னும் மோசம். இயலாமை இல்லாத பெட்டையளையே பெரியபிள்ளை ஆனதும் ஒழுங்கைக் கிரிக்கெற்றில் இருந்து கூப்பிட்டு எடுத்துவிடுகிறோம். என் சித்தியின் மகன் மகளாகப் பிறந்திருந்தால் ஒழுங்கைக் கதையே இருந்திராது. வீட்டுக்குள் இருந்து விளையாடும் கேம் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கைகொடுக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள் இருக்கிறதை வசதியாக்கிக் கொடுத்துவிட்டு, ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று கேட்க மறக்கிறோம்.

"வாங்கிக் குடுத்தால்" என்ற துண்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கையளிப்பு நிகழ்வு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பதாதை, மங்கள விளக்கு, அன்பளித்தவரின் பெயர், பெட்டியைப் பிடித்தபடி பத்துப் பேர், நடுவில் ஒரு பிள்ளை. நான் போன ஒரு நிலையத்தில் அப்படி வந்த கேம் ஒன்று அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. பழுதாகிவிடும் என்ற பயம். திறப்பு பொறுப்பானவரிடம், அவர் அன்றைக்கு லீவு. அங்கே வேலை செய்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டி கொடுத்தவர்கள் அதைப் பழக்க ஒரு ஆளைக் கொடுக்கவில்லை, பழுதானால் திருத்தக் காசு கொடுக்கவில்லை, எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேம் சரிவரும் என்று கேட்கவும் இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆன நாடு இது. மின்னில் ஓடும் சிகிச்சையை மட்டும் நம்பியிருக்கச் சொல்லுவது எவ்வளவு துணிச்சல்.

கேம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கோ. ஆனால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கோ, அடிதடி கேம்தான் வேணும் எண்டால் அதையே வாங்குங்கோ. இரண்டு ரிமோட் வாங்குங்கோ, இரண்டாவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. மணிக்கட்டைச் சுண்டி வெண்டால் வெல்லட்டும். பிசியோ தனி, விளையாட்டுத் தனி. அம்மா எண்ணுகிற இருபதை இருபதாகவே வைத்திருங்கோ. அரை மணித்தியாலக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவணையில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கும். இதை வாசிக்கிற கனபேர் பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறீர்கள், சிலர் அண்ணாமார் அக்காமாராய்ப் போய்ச் சோடனைக்கும் நிற்பீர்கள். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகமுதல் ஒருக்கா வாங்கிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை, பார்வையில்லாத பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை எந்த நிகழ்ச்சியில் இருக்கிறது? அந்த நிகழ்ச்சியின் புள்ளி இல்லத்தின் மொத்தப் புள்ளியில் சேருமா, இல்லை 'வினோத உடை' மாதிரி சும்மா கைதட்டலோடு போய்விடுமா? கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.